டிரெட்மில் பெல்ட் ஒதுங்குகிறதா? கால் சுற்று போதும்

(காட்சி: ஆளில்லாமல் ஓடும் டிரெட்மில். பெல்ட்டின் வலது ஓரம் சட்டத்தில் உரசுகிறது.)

இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். சர்ர், சர்ர் என்று கோணிப்பையை இழுப்பது போல. பெல்ட் வலது பக்கம் ஒதுங்கிச் சட்டத்தில் தேய்கிறது. இப்படியே விட்டால் ஓரம் நூல் நூலாகப் பிரியும். பிரிந்த பிறகு பெல்ட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

உடனே போல்ட்டைத் திருப்பும் ஆலன் கீயை (அறுகோணச் சாவியை) எடுக்க வேண்டாம். இயந்திரம் தரையில் சமமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு மூலையை அழுத்தும்போது ஆடினால், அடியிலுள்ள பாதத்தைத் திருகிச் சமப்படுத்துங்கள். சாய்ந்து நிற்கும் இயந்திரத்தில் பெல்ட்டை நடுவுக்குக் கொண்டுவந்தாலும் மறுபடி ஒதுங்கத்தான் பார்க்கும். ஒரு காலை மட்டும் அழுத்தி ஊன்றி ஓடுகிறவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

(காட்சி: பின்பக்க மூடியில் உள்ள போல்ட், நெருக்கத்தில்.)

பின்பக்க ரோலரின் இரு முனைகளிலும் இப்படி ஒவ்வொரு போல்ட் இருக்கும். மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் பெல்ட்டை ஓடவிடுங்கள். மேலே யாரும் நிற்கக் கூடாது. தொங்கும் துணி, அவிழ்ந்த கூந்தல், குழந்தைகள் எதுவும் அந்த ரோலர் பக்கம் வரக் கூடாது. பெல்ட்டும் ரோலரும் சேரும் இடுக்கு விரலை இழுத்துவிடும்.

எந்தப் போல்ட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் குழப்பம் வரும். இறுக்கமான பக்கத்தை விட்டுத் தளர்வான பக்கத்துக்குப் பெல்ட் நகரும். இது நினைவிருந்தால் போதும். வலது பக்கம் ஒதுங்கியிருந்தால் வலது போல்ட்டைக் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று திருப்புங்கள். கால் என்றால் கால்தான், அரை அல்ல. பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடமாவது காத்திருங்கள். பெல்ட் மெதுவாகத்தான் நகரும்.

அந்த ஒரு நிமிடம் எனக்குப் பொறுக்கவில்லை. முதன்முறை செய்தபோது, அசையவே இல்லையே என்று இரண்டு முழுச் சுற்று திருப்பினேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பெல்ட் இடது சட்டத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது இழுவை, அதாவது பெல்ட்டின் இறுக்கம். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தை நடுப்பகுதியில் பிடித்துத் தூக்குங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் 5 முதல் 8 செண்டிமீட்டர் வரை எழும்பினால் சரி. நடக்கும்போது பெல்ட் வழுக்கினால் இரு போல்ட்டுகளையும் ஒரே அளவு, கால் கால் சுற்றாக இறுக்குங்கள். பெல்ட் நின்று முன்ரோலர் மட்டும் சுற்றினால்தான் இந்த வைத்தியம். ரோலரும் சேர்ந்து நின்று மோட்டார் மட்டும் சுற்றினால், அவற்றை இணைக்கும் சிறிய பெல்ட் தளர்ந்திருக்கிறது; பின்பக்கத்தில் எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. தேவைக்கு மேல் இறுக்கினால் ரோலரின் பேரிங்கும் மோட்டாரும்தான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்.

(காட்சி: பெல்ட்டுக்கு அடியில் நுழையும் கை.)

என்னைக் கேட்டால், போல்ட்டைவிட எண்ணெய்தான் முக்கியம். பெல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, பாதம் விழும் இடம் வரை கையை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் மெல்லிய வழவழப்பு தெரிந்தால் இப்போதைக்கு விட்டுவிடலாம். காகிதம் போல வறண்டிருந்தால், ஒவ்வோர் அடிக்கும் மோட்டார் அந்த உராய்வோடு மல்லுக்கட்டுகிறது என்று பொருள்.

தூய சிலிகான் எண்ணெய் மட்டுமே போடுங்கள். சமையல் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், துருப்பிடித்த திருகாணிக்கு அடிக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். சில இயந்திரங்களின் பலகையில் மெழுகுப் பூச்சு இருக்கும். அவற்றுக்கு எண்ணெயே ஆகாது. ஆகவே கையேட்டை ஒருமுறை புரட்டுங்கள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதும் அதிலேயே இருக்கும்.

பெல்ட்டைத் தூக்கி, குழலை உள்ளே நுழைத்து, பலகையின் நடுவில் வளைந்து வளைந்து ஒரு கோடு இழுங்கள். நிறைய ஊற்றினால் பெல்ட் வழுக்கும், தூசியும் அப்பிக்கொள்ளும். இணைப்பைக் கொடுத்து, மெதுவான வேகத்தில் ஐந்து நிமிடம், பெல்ட்டின் அகலம் முழுவதும் பாதம் படும்படி நடங்கள். ஓரத்தில் கசிந்த எண்ணெயையும் தரையில் சொட்டியதையும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வழுக்கப்போவது பெல்ட் அல்ல, நீங்கள்.