எல்லாரும் செத்துப்போனவங்க, அவங்களை நான் ஏன் படிக்கணும்?

[காட்சி: மூடிக் கிடக்கும் வரலாற்றுப் புத்தகம். பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு சிறுமி.]

உங்கள் பிள்ளை இப்படிக் கேட்டால் திட்டாதீர்கள். நியாயமான கேள்விதான். "பரீட்சையில வரும்" என்று சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம். ஒரு கல்லின் கதையைச் சொல்லுங்கள்.

[காட்சி: மலைச்சரிவில் சாலையோரம், எழுத்து பொறித்த ஒரு கல்.]

ஜப்பானின் வடகிழக்குக் கரையோரம் அனெயோஷி என்று ஒரு சின்னக் கிராமம். 1896-இல் சுனாமி அந்த ஊரையே வாரிக்கொண்டு போனது. பிறகு அதே தாழ்வான இடத்தில் மறுபடி வீடுகள் எழுந்தன. 1933-இல் இன்னொரு சுனாமி. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் மிஞ்சினார்கள். அதற்கு அப்புறம்தான் மேட்டில் அந்தக் கல்லை நட்டார்கள். இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டக் கூடாது என்று அதில் பொறித்தார்கள். ஊரும் மேலே ஏறியது.

2011 மார்ச் 11. அலை சரிவில் ஏறி வந்தது. கல்லைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிட்டது. மேலே இருந்த வீடுகள் தப்பின.

இங்கே கதையை நிறுத்துங்கள். 1933-க்கும் 2011-க்கும் இடையே எத்தனை வருடம் என்று பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 78. கண்ணால் பார்த்தவர்களில் எத்தனை பேர் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள்? அப்படியானால் ஊரைக் காப்பாற்றியது யார்? பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம், பிள்ளை சொல்லட்டும்.

[காட்சி: பழைய நூற்பாலை. வரிசையாக இயந்திரங்கள்.]

சரி, வரலாறு என்றால் ஆபத்தை எச்சரிப்பது மட்டும்தானா? இல்லை. பிரிட்டனில் 1833-இல் ஒரு சட்டம் வந்தது. 9 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பெரும்பாலான துணி ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 9 வயதானவர்கள்? ஒரு நாளைக்கு 9 மணி நேரம் வரை வேலை வாங்கலாம்! நாடு முழுக்க மேற்பார்வை பார்க்க நாலே நாலு ஆய்வாளர்கள். உங்கள் பிள்ளை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போவது தானாக வந்த வழக்கம் இல்லை. அதற்காக உங்கள் நாட்டில் யார் பேசினார்கள், எப்போது சட்டம் வந்தது என்று சேர்ந்து தேடுங்கள்.

[காட்சி: நடைபாதையில் பதித்த சிறிய பித்தளைத் தகடு.]

நாட்டின் தவறுகளைச் சொன்னால் பிள்ளைக்கு நாட்டுப்பற்று குறைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெர்மனியில் நாஜிகள் கொன்றவர்களும் துரத்தியவர்களும் வாழ்ந்த வீடுகளின் முன்னால், 1990-களிலிருந்து இப்படித் தகடுகள் பதிக்கிறார்கள். "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த ஆண்டு, நேர்ந்த கதி. படிக்க வேண்டுமென்றால் குனியத்தான் வேண்டும். சொந்த நாடு செய்த கொடுமையைத் தன் தெருவிலேயே படித்து வளரும் பிள்ளை, நாளை பக்கத்து வீட்டுக்காரரை யாராவது விரட்டினால் கேள்வி கேட்கும் என்று நான் நம்புகிறேன்.

[காட்சி: தெருப்பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்க்கும் அதே சிறுமி.]

நாளைக்குப் போகிற வழியில் ஒரு தெருப்பெயர்ப் பலகை முன்னால் நில்லுங்கள். இது யார் பெயர்? யார் வைத்தது? அதற்கு முன்னால் இந்தத் தெருவுக்கு என்ன பெயர்? உங்களுக்கும் தெரியாதா? "தெரியலையே, வா தேடலாம்" என்று சொல்லுங்கள்.