தடிப்புக்குள் ஒரு இழுபறி

அனைவருக்கும் வணக்கம். மைக் முன்னால் வந்து நிற்பதற்குள் என் கையில் ஒரு கொசு கடித்துவிட்டது. வேறு எதையோ சொல்லித் தொடங்குவதாக இருந்தேன். இனி இதை விடுவதாயில்லை. முன்வரிசைக்குத் தெரியும், எட்டணா அகலத்துக்குத் தடித்திருக்கிறது. எட்டணாவைப் பார்த்திராத பிள்ளைகள் பக்கத்துப் பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தடிப்புக்குள் இருப்பது நீர். இரத்தக் குழாயில் ஓடிக்கொண்டிருந்த பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, வெளியே கசிந்து தோலுக்கடியில் தங்கிவிட்டது. கொசு போட்ட ஓட்டை வழியாக வந்ததா? அவ்வளவு மெல்லிய ஓட்டையால் இந்த அளவு வீங்காது. கொசுவின் எச்சில் பட்டதும் தோலிலுள்ள சில செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டின. அதற்குப் பிறகு கதவைத் திறந்தது நம் குழாயேதான்.

குழாயின் உட்சுவரில் எண்டோதீலியம் என்று ஒரே ஒரு அடுக்குச் செல்கள் இருக்கின்றன. தரையில் ஓடு பதித்த மாதிரி என்று நானே வகுப்பில் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். தப்பு. ஓடு சும்மா கிடக்கும், இவை கிடப்பதில்லை. தசையைச் சுருக்கும் ஆக்டின், மயோசின் என்ற புரதங்களின் இனத்தைச் சேர்ந்தவை இவற்றுக்குள்ளும் உண்டு. கபடியில் சங்கிலி கட்டி நிற்பார்களே, அப்படி ஒவ்வொரு செல்லும் கேட்ஹெரின் என்ற புரதத்தால் பக்கத்துச் செல்லின் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் இழுத்தபடி நிற்கிறது. எல்லோரும் அளவாக இழுத்தால் சங்கிலி நிற்கும். ஒருவர் திடீரென்று வெடுக்கென இழுத்தால் பிடி நழுவும்.

பிடி நழுவுவதை முதலில் கண்ணால் காட்டியவர்கள் மஜ்னோ, பாலாடே என்ற இரண்டு ஆய்வாளர்கள். 1961-இல் எலிகளுக்கு ஹிஸ்டமின் கொடுத்து, இரத்தத்தில் மிக நுண்ணிய கரிய துகள்களைக் கலந்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். துகள்கள் செல்லைத் துளைத்துப் போகவில்லை. இரண்டு செல்களுக்கு நடுவே விழுந்த இடைவெளி வழியாக வெளியேறியிருந்தன. அதுவும் தந்துகிகளில் அல்ல, அவற்றை அடுத்து வரும் நுண்சிரைகளில்.

சரி, இடைவெளி விழுந்தது. செல் தானாக விலகியதா, இழுத்துக்கொண்டதா? இதற்கான துப்பு 1969-இல் மஜ்னோ குழு வெளியிட்ட படங்களில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த படங்கள் அவை. செல்லின் நடுவே வழவழவென்று இருக்க வேண்டிய உட்கரு, மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடக்கிறது. பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் வாயை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுக்காமல் துணியில் அந்த மடிப்பு வராது.

இழுவையை அளக்கவும் வழி வந்தது. 1980-இல் ஆல்பர்ட் ஹாரிஸும் கூட்டாளிகளும் மெல்லிய சிலிக்கோன் ரப்பர் படலத்தின் மேல் செல்களை ஊர விட்டார்கள். ரப்பர் சுருங்கியது! இன்று மிருதுவான ஜெல்லில் ஒளிரும் மணிகளைப் பதித்து, மேலே செல்லை வளர்க்கிறோம். செல் இழுத்தால் மணி நகரும். நகர்ந்த தூரத்திலிருந்து விசையைக் கணக்குப் போடலாம். இரத்தம் உறைய உதவும் த்ராம்பின் என்ற நொதியைச் சொட்டினால் சில நிமிடங்களில் மணிகள் செல்லின் நடுப்பக்கமாக நகர்கின்றன. டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருள்கள் நிதானமானவை. மணிக்கணக்கில் வேலை செய்து, செல்லுக்குள் ஆக்டின் கயிறுகளைத் தடிக்க வைக்கின்றன. ஜெல்லைக் கெட்டியாக்கிவிட்டால் அதே த்ராம்பினுக்கு இன்னும் பெரிய இடைவெளி விழுகிறது. வயதானால் தமனிச் சுவர் இறுகும் என்பதை நினைத்தால், என் வயதுக்காரர்களுக்கு இது இனிக்கிற செய்தியல்ல.

எல்லா வீக்கமும் இந்த இழுவையால் மட்டும்தான் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். சிறு தமனிகள் விரிந்து இரத்தம் கூடுதலாகப் பாய்வதும் கசிவைக் கூட்டுகிறது.

கொசுவை எடுத்துக்கொண்டதால் டெங்குவைச் சொல்லாமல் இறங்க முடியாது. வார்டில் எல்லோரும் தட்டணு எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். ஆபத்து பெரும்பாலும் கசிவில் இருக்கிறது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில், 24 முதல் 48 மணி நேரம் வரை, பிளாஸ்மா உடம்பு முழுக்கக் கசியலாம். இரத்தம் கெட்டியாகி, அதில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. அளவு ஏறும். "காய்ச்சல் விட்டுடுச்சே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா டாக்டர்?" என்று கேட்கிற நேரமும் அதுதான். அழற்சிப் பொருள்களோடு, வைரஸின் என்.எஸ்.1 புரதம் செல்களின் மேலுள்ள சர்க்கரைப் பூச்சைச் சிதைப்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் இறந்தவர்களின் குழாய்களைப் பார்த்தால் இவ்வளவு கசிவுக்கு ஏற்ற பெரிய சிதைவு தெரிவதில்லை. சுவர் இடியவில்லை, பிடி தளர்ந்திருக்கிறது. பிழைத்தவர்களுக்குச் செல்கள் மறுபடி கைகோத்ததும், கசிந்த நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. அப்போதும் டிரிப்ஸை நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

என் கைத் தடிப்பு முக்கால்வாசி இறங்கிவிட்டது. அரிப்பு மட்டும் பாக்கி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.