கரைக்கு வந்தவர்கள் ஆடிய ஆட்டம்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, நம் கால்பந்துக் கழகத்தின் தலைவர் மற்றும் செயலாளர் அவர்களே, இந்தக் கழகத்துக்காக ஆடி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன்மாரே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

கழகத்தின் வரலாற்றை நூலாகக் கொண்டுவரப் போகிறோம், அதற்கு முன் நீங்கள் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்ட செயலாளர், என் கையில் ஒரு பட்டியலைத் தந்தார். அலமாரியில் இருக்கும் கோப்பைகளின் பட்டியல் அது. எந்த ஊர்ப் போட்டி, முதல் பரிசா இரண்டாம் பரிசா, அணித் தலைவர் யார் என்று ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு கோப்பைக்குப் பின்னும் ஒரு தலைமுறையின் வியர்வை இருக்கிறது என்பதை நான் அறிவேன். ஆனால் அந்தப் பட்டியலை இரவெல்லாம் வாசித்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. வெற்றிகள் ஏன் கிறிஸ்துமஸை ஒட்டியும் உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டரை ஒட்டியுமே குவிந்து கிடக்கின்றன? டிசம்பரில் அணித் தலைவராக இருந்தவரின் பெயர் அடுத்த போட்டியில் ஆட்டக்காரர் வரிசையில்கூட இல்லாமல் போவது எதனால்? இதற்கான விடை கோப்பைகளில் இல்லை; நம் கடலில் இருக்கிறது.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் எட்டு ஊர்கள் அடுத்தடுத்து ஒட்டிக் கிடக்கும் கரை இது. மேற்கே அரபிக் கடல். கிழக்கே அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் முட்டி நிற்க, கோயிலும் பள்ளிக்கூடமும் கல்லறைத் தோட்டமும் போக மிச்சம் இருந்த ஒரே வெளி கடற்கரை மணல்தான். வயலும் தோப்பும் உள்ள உள்நாட்டு ஊர்களில் அறுவடை முடிந்த வயலே மைதானமாகிவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. நம் முன்னோர் மணலில் ஆடியதற்குக் காரணம் விருப்பமன்று, வேறு இடமே இல்லாமைதான்.

அந்த மணலும் ஆண்டு முழுவதும் நம்முடையதாக இருந்ததில்லை. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது கடல் கரையை அள்ளிக்கொண்டு போகும். அலை வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும். பிறகு காற்று அடங்கியதும், கொண்டுபோன மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து போடும். விசைப்படகுகளுக்கு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலில் சுறாவுக்கும் சூரைக்கும் போய், ஒருமுறை புறப்பட்டால் முப்பது நாற்பது நாள் கரை காணாத நம் ஆட்கள் எல்லாரும் வீட்டில் இருப்பது அந்த இரண்டு மாதங்களில்தான். ஆனால் அப்போது மைதானம் கடலுக்குள் இருக்கும். மைதானம் திரும்பி வரும்போது ஆட்டக்காரர்கள் கொச்சிக்கும் மங்களூருக்கும் குஜராத் கரைக்கும் அப்பால் போயிருப்பார்கள். ஆளும் மணலும் ஒன்றாகச் சேர்ந்து கிடைத்த நாட்கள், பெருநாள்களுக்காகப் படகுகள் கரை திரும்பிய அந்தச் சில நாட்கள் மட்டுமே. நம் கழகத்தின் பெரிய போட்டிகள் எல்லாம் கிறிஸ்துமஸுக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடந்ததன் காரணம் பக்தி மட்டுமன்று என்பதை இப்போது நீங்கள் உணர்ந்திருப்பீர்கள்.

ஆகவே, ஒரே பதினொருவர் ஓர் ஆண்டு முழுக்கச் சேர்ந்து ஆடிய அணி என்று ஒன்று நம் கழகத்துக்கு இருந்ததே இல்லை. கரைக்கு வந்தவர்கள் ஆடினார்கள். பின்களத்தில் நின்றவர் கடலுக்குப் போனால், பந்து பொறுக்கிக்கொண்டிருந்த அவருடைய தம்பி பின்களத்துக்கு வந்தான். இதை ஒரு குறையாகச் சிலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எந்த இடத்திலும் நின்று ஆடத் தெரிந்தவர்களாக நம் பிள்ளைகள் வளர்ந்ததற்கு இதுவே அடிப்படை.

மணலில் ஆடுவதைப் பற்றி நான் சிறுவயதில் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். மணலில் பந்து உருளாது. தரையோடு தள்ளினால் நாலு அடியில் நின்றுவிடும். எனவே பந்தைக் கொஞ்சம் தூக்கித்தான் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் அதை நெஞ்சிலோ தொடையிலோ முதல் தொடுதலிலேயே அடக்க வேண்டும். இரண்டாவது தொடுதலுக்கு மணல் இடம் கொடுக்காது. மேற்குப் பக்கத்துக் கோடு கடல்தான். அலை கணுக்காலை நனைக்கும் வரை ஆட்டம் உண்டு, முழங்காலுக்கு வந்தால் பந்து வெளியே என்பது நம் ஊர் விதி. இந்த விதியை எந்தப் புத்தகத்திலும் காண முடியாது. ஆனால் இதை வைத்து ஒரு சண்டையும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

கோல் கம்பம் பாய்மரத்துக்கு உதவாமல் போன மூங்கில். கோலின் அகலம் விதிப்படி 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அளவு நாடா இல்லாத அந்தக் காலத்தில் துடுப்பைத் தரையில் போட்டுப் போட்டு அளந்தார்கள். பின்னால் கட்டியது கிழிந்த மீன் வலை. அதன் கண் பெரிதாக இருந்தால் பந்து புகுந்து வெளியே போய்விடும் என்பதால், மாலையில் வலை சரி செய்கிற பெரியவர்களிடம் கெஞ்சி, அந்தக் கண்களைக் குறுக்கி வாங்குவோம். பந்து தோல் பந்து. உள்ளே பிளாடர், வாயில் தோல் நாடா. ஓர் அளவான பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது விதி. உப்புத் தண்ணீர் குடித்த எங்கள் பந்தோ கல்லைப் போலக் கனத்தது. நாடா முடிச்சு இருக்கும் பக்கம் தலையில் பட்டால் நெற்றி கிழியும். முன்வரிசையில் இருக்கும் இரண்டு அண்ணன்மாரின் நெற்றியில் அந்த முடிச்சின் தழும்பு இன்னும் இருக்கிறது. தையல் விட்டுப்போனால், வலை பின்னும் நைலான் நூலை மெழுகில் இழுத்துத் தைப்போம். என் அப்பா தைத்த ஒரு பந்து மூன்று கிறிஸ்துமஸ் தாங்கியது.

அந்தப் பந்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? கழகத்தின் பழைய கணக்கு நோட்டில் வரவுப் பக்கத்தைப் பார்த்தேன். படகுகள் தந்த பங்கு எழுதப்பட்டிருக்கிறது. வெளியூரில் வேலை செய்தவர்கள் அனுப்பியது எழுதப்பட்டிருக்கிறது. அவற்றுக்கு நடுவே அடிக்கடி ஒரே ஒரு சொல் மட்டும் வருகிறது: 'கடவம்'. தலையில் மீன் கூடையாகிய கடவத்தைச் சுமந்து, கால்வாயைத் தாண்டி உள்நாட்டுச் சந்தைகளுக்கு நடந்துபோய் விற்றுவந்த நம் தாய்மார் தந்த காசு அது. தந்தவர் பெயர் ஒன்றுகூட எழுதப்படவில்லை. செவ்வாய்க்கிழமை வரவு, கடவம், இத்தனை ரூபாய். அவ்வளவுதான். மற்ற எல்லா வரவுக்கும் பெயர் இருக்க, இதற்கு மட்டும் பெயர் இல்லாததைக் கண்டு என் மனம் வருந்தியது.

1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும், நம் கரையின் கால்பந்து தமிழகம், கேரளம் என இரண்டு பக்கமும் பார்த்தே வளர்ந்தது. நம் மறைவட்டம் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது; நம் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடும்; கேரளக் கரையின் பூவாறும் விழிஞ்சமும் நமக்கு நாகர்கோவிலைப் போலவே பக்கம். திறமையுள்ள பிள்ளை திருவனந்தபுரத்து நிறுவன அணிகளையும் பார்த்தான், சென்னையில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்றவற்றின் அணிகளையும் பார்த்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால், அந்தக் குடும்பத்தில் ஒருவர் கடலுக்குப் போவது நிற்கும். 1941-இல் தொடங்கிய, மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பைக்கான தமிழக அணியில் இந்தக் கரையின் பிள்ளைகள் தொடர்ந்து இடம்பிடித்து வந்தது விளையாட்டுப் பற்றால் மட்டும் நிகழ்ந்ததன்று. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) மைதானத்தில் இடப்பக்கமாகப் பந்தைக் கொண்டு ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அந்த முதல் தொடுதலில் எனக்கு இந்த மணல்தான் தெரிந்தது.

செவன்ஸ் பற்றி மனம் திறந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஏழு பேர் ஆட்டம் நம் குறுகிய இடத்துக்குப் பொருந்தி வந்தது. இரவு விளக்கொளியில் ஊரே திரண்டு வந்து பார்த்தது. நுழைவுக் கட்டணம் கழகத்தை வாழவைத்தது. இவை எல்லாம் உண்மை. ஆனால் பரிசுத் தொகை ஏற ஏற, வெல்வதற்காக வெளியூர் ஆட்டக்காரர்களை ஓர் இரவுக்குக் காசு கொடுத்துக் கூட்டி வரும் வழக்கமும் வந்தது. நம் ஊர்ப் பெயர் எழுதிய ஜெர்சியில் நம் ஊர்க்காரர் இரண்டே பேர் ஆடிய இறுதி ஆட்டம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதில் நாம் வென்றோம். பட்டியலில் அந்தக் கோப்பையும் இருக்கிறது. வரலாற்று நூலில் அதை எழுதும்போது, அன்று களத்தில் இறங்காமல் வெளியே உட்கார்ந்திருந்த நம் ஐந்து பிள்ளைகளைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர்களில் மூன்று பேர் அதன்பின் பந்தைத் தொடவில்லை.

இனி 2017. நவம்பர் 29 இரவு தொடங்கி ஒக்கிப் புயல் அடித்தபோது நம் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கழக அறையின் கரும்பலகையில் கிறிஸ்துமஸ் போட்டிக்கான அணிகளின் அட்டவணை எழுதப்பட்டிருந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் யாரோ அதை அழித்துவிட்டு, திரும்பி வராத படகுகளின் பெயர்களையும் அவற்றில் இருந்தவர்களின் பெயர்களையும் எழுதத் தொடங்கினார்கள். ஒருவர் கரைசேர்ந்த செய்தி வந்தால் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போடப்பட்டது. கோடு விழாத பெயர்களில் நம் ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்து, கடலில் போனவர்களைத் தேடித்தரக் கேட்டபோது, நம் கழகத்தின் பிள்ளைகள் ஜெர்சியோடு அந்தக் கூட்டத்தில் நடந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போட்டி இல்லை. கோப்பைப் பட்டியலில் அந்த ஆண்டு ஒரு வெற்றிடம். நூலில் அந்தப் பக்கத்தை வெற்றிடமாக விடக் கூடாது.

மைதானத்தின் கதை இன்னும் முடியவில்லை. கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். வீடுகளுக்கு அது தேவைதான். ஆனால் கல் வந்த இடத்தில் மணல் திரும்பி வரவில்லை. நான் ஆடிய இடத்தில் இன்று பாறைகள் கிடக்கின்றன. இப்போதைய பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் பயிற்சி எடுக்கிறார்கள். பெரிய ஆட்டங்களுக்கு வண்டி வைத்து வெளியூர் மைதானங்களுக்குப் போகிறார்கள். 2018-இல் தமிழகப் பெண்கள் அணி மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றது. நம் ஊரில் பள்ளிப் பெண்பிள்ளைகள் காலையில் பயிற்சி செய்வதை நீங்கள் எல்லாரும் பார்க்கிறீர்கள். கழகப் பதிவேட்டில் அவர்களுக்கு இன்னும் ஒரு பக்கமும் இல்லை. நூல் வெளிவருவதற்கு முன் அந்தப் பக்கம் திறக்கப்பட வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மேடையின் ஓரத்தில் ஒரு புதிய நோட்டு வைக்கப்பட்டிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அதை முதலில் ஆட்டக்காரர்களிடம் கொடுக்க வேண்டாம். கடவம் சுமந்த தாய்மாரில் இன்றும் நம்மோடு இருப்பவர்கள் ஆறு பேர். அவர்கள் வலப்பக்க வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பழைய கணக்கு நோட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொரு தேதியாக நான் வாசிக்கிறேன். அன்றைக்கு யாரெல்லாம் சந்தைக்குப் போனார்கள் என்று அவர்கள் நினைவிலிருந்து சொல்லட்டும். தம்பி ஒருவர் அருகில் அமர்ந்து அந்தப் பெயர்களை எழுதிக்கொள்ளட்டும்.