விடாத பார்க்கிங் பிரேக்

நேயர்களுக்கு வணக்கம். சொந்தமாகச் சிறிய விமானம் வைத்துப் பறப்பவர்களுக்கு வரும் ஒரு தொல்லையைப் பற்றி இன்று பேசப்போகிறேன். பார்க்கிங் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்வதுதான் அது. இன்ஜின் சத்தம் லேசாக மாறினால் பதறி ஓடிவருகிறவர்கள்கூட, பிரேக் ஜாம் ஆனால் "கொஞ்சம் பவர் கொடுத்தால் விட்டுவிடும்" என்று சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்குப் பயம் தருகிறது.

2021 செப்டம்பர் 2ஆம் தேதி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பிளெய்ன்வில் ஊரின் ராபர்ட்சன் விமானத்தளத்திலிருந்து ஒரு செஸ்னா சைட்டேஷன் எக்செல் ஜெட் கிளம்பியது. இரண்டு விமானிகள், இரண்டு பயணிகள். ஓடுபாதையில் வேகம் வழக்கம்போல் ஏறவில்லை. ஓடுபாதை முடிந்தும் விமானம் ஒழுங்காக எழும்பாமல், ஒரு மின்கம்பத்தில் இடித்து, பக்கத்து ஃபார்மிங்டனில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் மோதி எரிந்தது. நால்வரும் இறந்துபோனார்கள். பார்க்கிங் பிரேக்கை விடுவிக்காமல் புறப்பட முயன்றதே காரணம் என்று அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. பிரேக் முழுதாக விடவில்லை என்று எச்சரிக்கும் ஏற்பாடு எதுவும் அந்த விமானத்தில் இல்லை என்பதையும் வாரியம் சுட்டிக்காட்டியது.

பிரேக் பிடித்தால் வேகம் குறையும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். அவ்வளவோடு நிற்பதில்லை. பிரேக் பிடிப்பது தரையில், சக்கரத்தில். விமானத்தின் எடை மையம் அதற்கு மேலே இருக்கிறது. கீழே பின்னுக்கு இழுத்தால், மேலே உள்ள உடல் முன்னால் கவிழப் பார்க்கும், மூக்கு தரையை நோக்கி அழுந்தும். மூக்கை ஏற்றி இறக்கும் கைச்சுக்கானான யோக்கை விமானி முழுக்கப் பின்னுக்கு இழுத்தாலும் மூக்கு எழாமல் போகலாம். பறக்கிற வேகம் வந்தும் பறக்க முடியாத நிலை அது. அந்த ஜெட்டுக்கு நடந்தது இதுதான்.

சரி, நம் சின்ன விமானத்துக்கு வருவோம். செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்கிறேன், உலகெங்கும் பயிற்சிக்கு ஓடும் விமானம் அது. வால் சுக்கானை இயக்கும் ரடர் பெடலின் மேல்பகுதியைக் கால்விரலால் அழுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். நிறுத்தி வைக்க, இரண்டு பெடலையும் அழுத்திக்கொண்டு, முன்பலகையின் இடப்பக்கம் அடியில் உள்ள கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து 90 டிகிரி கீழே திருப்ப வேண்டும். அந்தக் கைப்பிடியின் கேபிள், பெடலுக்குப் பின்னால் இருந்து பிரேக் எண்ணெயை அழுத்திச் சக்கரத்துக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர்களை அழுத்திய நிலையிலேயே பிடித்துவைக்கிறது.

ஆகவே கைப்பிடி திரும்ப மறுத்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். இரண்டு பெடலையும் நன்றாக அழுத்துங்கள். பூட்டின் மேலிருந்த பாரம் உங்கள் காலுக்கு வந்துவிடும். இப்போது கைப்பிடியைத் திருப்பி உள்ளே விடுங்கள், பெரும்பாலும் அப்படியே விடுபட்டுவிடும். பெடலைத் தொடாமல் கைப்பிடியை முறுக்கினால் கேபிள்தான் நைந்துபோகும். பைப்பர் செரோக்கீயில் முன்பலகைக்கு அடியில் ஒரு கை நெம்புகோல் இருக்கும். அதையும் முதலில் தன் பக்கம் இழுத்து, கொக்கியை விடுவித்த பிறகே முன்னால் போக விட வேண்டும்.

சிரஸ் எஸ்ஆர்22 போன்றவற்றில் வேறு முறை. அங்கே ஒரு வால்வு, அழுத்திய எண்ணெயைத் திரும்ப விடாமல் அடைத்து வைக்கிறது. பறக்கும்போது அதை இழுக்கவே கூடாது. வால்வு மூடியிருக்க, தரையிறங்கி ஒருமுறை பெடலை மிதித்தால், காலை எடுத்தாலும் அந்தப் பிடி விடாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அடைபட்ட எண்ணெய் வெயிலில் விரியும், பிடி இறுகும். இரவுக் குளிரில் சுருங்கும், பிடி தளரும். பார்க்கிங் பிரேக்கை மட்டும் நம்பி இரவு முழுவதும் விமானத்தை விடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சக்கரத்துக்குக் கட்டை, இறக்கைக்குக் கயிறு, இரண்டும் வேண்டும்.

கைப்பிடி விடுபட்டுவிட்டது, ஆனால் சக்கரம் சுற்றவில்லை. அப்போது? முதல் வேலை இன்ஜினை நிறுத்துவது, சாவியை வெளியே எடுப்பது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. இன்ஜின் ஓடும்போது யாரும் கீழே குனிந்து பார்க்கக் கூடாது. புரொப்பெல்லரைப் பிடித்துத் தள்ளவும் வேண்டாம், இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவை அணைக்கும் கம்பி அறுந்திருந்தால், சாவி இல்லாமலே இன்ஜின் உதைத்துக் கிளம்பும். டிராக்டர் கட்டி இழுத்தால் முன்சக்கர அமைப்பு வளையும். பவர் கொடுத்து விடுவிக்கப் பார்த்தால், ஒரு சக்கரம் முதலில் விட்டு, விடாத சக்கரத்தைச் சுற்றி விமானம் திரும்பிவிடும். பக்கத்தில் ஆளோ விமானமோ நின்றால் என்ன ஆகும்?

அப்புறம் பராமரிப்புப் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி: சக்கரத்தை எண்ணெய் அழுத்தம் பிடித்திருக்கிறதா, இறுகிப்போன இரும்புப் பாகம் பிடித்திருக்கிறதா? கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சக்கரத்தோடு சுற்றும் தட்டான டிஸ்க்கை, பேட் என்ற வில்லைகளால் இறுக்கிப் பிடிப்பது கேலிப்பர். அதன் பிளீடரில், அதாவது எண்ணெய் வடிக்கும் திருகில், ஒரு குழாயை மாட்டி, அந்தத் திருகைக் கால் சுற்று திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் சீறி வந்து சக்கரம் விட்டால், கோளாறு மேலே, பெடல் பக்கம் இருக்கிறது. எண்ணெய் வந்தும் சக்கரம் அசையவில்லை என்றால் கோளாறு சக்கரத்திலேயே.

மேலே என்றால், என் சந்தேகம் முதலில் மாஸ்டர் சிலிண்டர் மேல்தான். பெடலை விட்டதும் பிஸ்டன் முழுதாகத் திரும்ப வேண்டும். அப்போதுதான் எண்ணெய் தொட்டிக்குப் போகிற சிறு வழி திறக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, கேபிள் கொஞ்சம் இறுகியிருந்தாலோ, பிஸ்டன் சற்றுக் குறைவாகத் திரும்பி அந்த வழி மூடியே இருக்கும். ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் உள்ளே தங்கிக்கொண்டே போகும். இதற்கு ரப்பர் சீல் ஊதிப்போவதும் காரணமாகலாம். இந்த விமானங்களுக்கு ஊற்ற வேண்டியது 5606 என்ற எண்ணால் அறியப்படும் சிவப்பு நிறக் கனிம எண்ணெய். அவசரத்துக்கு என்று காருக்கு ஊற்றும் டாட் 3 பிரேக் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். அது இந்தச் சீல்களைக் கெடுத்துவிடும். பிறகு சும்மா வடித்துவிட்டால் போதாது, முழு அமைப்பையும் கழற்றிக் கழுவி, சீல் எல்லாம் மாற்ற வேண்டியதாகும். டின்னைத் திறப்பதற்கு முன் லேபிளைப் படியுங்கள், தயவுசெய்து.

சக்கரத்தில் என்றால், கடலோர விமானத்தளங்களில் உப்புக் காற்றுதான் பகைவன். கேலிப்பர் இரண்டு ஊசிகளின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் பேட் டிஸ்க்கை விடும். அந்த ஊசிகள் துருவேறினால் நகராது. சுத்தம் செய்து உலர்ந்த வகை உயவு போட வேண்டும். கிரீஸ் பூசினால் மண் ஒட்டி இன்னும் மோசமாகும். வாரக்கணக்கில் நிறுத்திய விமானத்தில் பேடும் டிஸ்க்கும் துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. குளிர் நாடுகளில் ஈரமான பிரேக்கைப் பிடித்துவிட்டுப் போனால் காலையில் பனிக்கட்டியாக இறுகியிருக்கும். வெதுவெதுப்பான ஹேங்கரும் (விமானக் கொட்டகை) பொறுமையுமே அதற்கு மருந்து, சுத்தியல் வேண்டாம்.

பிளீடரைத் திறந்த பிறகு அந்த விமானம் பறக்கத் தகுதியானது இல்லை. பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, எண்ணெய் நிரப்பி, உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகே கிளம்ப வேண்டும். இந்தச் சிறு விமானங்களில் எண்ணெயைக் கீழே கேலிப்பரிலிருந்து மேலே தொட்டிக்குத் தள்ளி ஏற்றினால் காற்று நன்றாக வெளியேறும்.

வானத்தில் இருக்கும்போதே பிரேக் பிடித்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், கைப்பிடி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பெடல்களை மிதித்து, திரும்பி வருகின்றனவா என்று காலால் உணருங்கள். டவரிடம் சொல்லி நீளமான ஓடுபாதை கேளுங்கள். தரை தொடும்போது குதிகால் தரையில் இருக்கட்டும், விரல்கள் பெடலின் மேல்பகுதியைத் தொட வேண்டாம். நின்ற பிறகு சக்கரத்தில் புகையோ கருகல் வாடையோ வந்தால், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பார்க்கிங் பிரேக்கும் போடாதீர்கள். கட்டை வைத்து ஆற விடுங்கள். அருகே போக வேண்டியிருந்தால் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ போங்கள். டயர் வெடித்தால் ரிம் துண்டுகள் பக்கவாட்டில்தான் பறக்கும்.

நன்றி, வணக்கம்.