யாழினியின் தொப்பியில் ஒரு கையெழுத்து

வணக்கம் நேயர்களே. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஃபுட்பால் என்றதும் நாம் நினைக்கிற கால்பந்து இல்லை இது. முட்டை வடிவத்தில் பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், நாலு பேர் அவன் மேல் விழுந்து அமுக்குவார்கள். விதிகளைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும், ஏனென்றால் நான் பேச வந்தது ஆட்டத்தைப் பற்றி இல்லை. அந்த ஊர்களில் ரசிகனும் ஆட்டக்காரனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச ஒரு இடம் இருந்தது, இன்றும் கொஞ்சம் இருக்கிறது, அது போய்விடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கல்லூரி விளையாட்டு என்பதால் மரத்தடியில் இருநூறு பேர் நின்று பார்ப்பது என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். லட்சம் பேருக்கு மேல் உட்காரும் கல்லூரி மைதானங்கள் அந்த நாட்டில் மொத்தம் எட்டு. நெப்ராஸ்கா அணி சொந்த மைதானத்தில் ஆடும் ஆட்டங்களுக்கு 1962-இல் இருந்து ஒரு டிக்கெட் கூட மிஞ்சியதில்லை. நெப்ராஸ்கா, ஐயோவா மாதிரி மாநிலங்களில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது, அதனால் மாநிலம் முழுவதற்கும் கல்லூரி அணிதான் சொந்த அணி. சோளம் போடும் விவசாயி, பள்ளி ஆசிரியர், லாரி ஓட்டுகிறவர் என்று எல்லாருக்கும் சனிக்கிழமை என்றால் அதுதான்.

நான் சில வருடங்கள் ஐயோவா சிட்டியில் இருந்தேன். ஐயோவா பல்கலைக்கழக அணியின் பெயர் ஹாக்ஐஸ், மைதானம் கின்னிக். சீசன் தொடங்குவதற்கு முன்னால், ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, குழந்தைகள் தினம் என்று வைத்து மைதானத்தைத் திறந்துவிடுவார்கள். டிக்கெட் கிடையாது. ஆட்டக்காரர்கள் ஆட்டோகிராப் போடுவார்கள், அப்புறம் அவர்கள் பயிற்சி செய்வதை உட்கார்ந்து பார்க்கலாம். என் மகள் யாழினிக்கு அப்போது ஆறு வயது. மஞ்சளும் கறுப்புமாக ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்து அழைத்துப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது, செயற்கைப் புல்லின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர், அவர் முன்னால் ஒரு பெரிய வரிசை. நாங்கள் அதன் வாலில் போய் நின்றபோது முன்னால் நின்ற ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "இதில் நின்றால் மதியம் ஆகிவிடும், அந்தப் பக்கம் லைன்மேன்கள் இருக்கிறார்கள் பார், அங்கே போ, அவர்கள்தான் பிள்ளைகளோடு பேசுவார்கள்" என்றார்.

லைன்மேன் என்றால் முன்வரிசையில் நின்று எதிரணியை மறித்துத் தள்ளுகிறவன். முந்நூறு பவுண்டுக்குக் குறையாத உருவம், நம் கணக்கில் நூற்று முப்பத்தைந்து கிலோவுக்கு மேல். பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச் டவுன் போட்டுப் புள்ளி எடுக்க மாட்டான், அவன் பெயர் தலைப்புச் செய்தியில் வராது. அப்படி ஒரு பையன், இருபது வயது இருக்கும், முட்டி போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தும் என் மகளை விட உயரமாக இருந்தான். தொப்பியை வாங்கி, மார்க்கர் பேனா மூடியைப் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டு, "உன் பெயர் என்ன, எப்படி எழுத வேண்டும்?" என்று கேட்டான். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். எழுதிவிட்டு "யாலினி" என்றான். "இல்லை, யாழினி" என்றாள் இவள். "யாஸினி" என்றான். "நாக்கை மடக்கு" என்று இவள் தன் வாயைத் திறந்து காட்ட, அந்தப் பிள்ளை, பின்னால் வரிசை நிற்கிறது என்ற கவலையே இல்லாமல், நாக்கை மடித்து மடித்து நாலாவது தடவை 'ழ'வைச் சொல்லிவிட்டான். அன்றைக்கு எனக்கு இந்த ஆட்டத்தின் விதி ஒன்று கூட ஒழுங்காகத் தெரியாது. ஆனால் அந்த வருடம் முழுக்க அவன் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் நாங்கள் பார்த்தோம், பந்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்தோம். அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்த ஒரு நாள் இவள் சோறு சாப்பிடவில்லை.

அந்தக் கையெழுத்துக்குக் காசு கிடையாது. அதே சமயம் அந்தக் காலத்தில் ஆட்டக்காரனுக்கும் கையெழுத்தில் ஒரு காசு கிடைக்காது, வாங்கினால் அவனுக்குத் தண்டனை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். 2010-இல் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆட்டக்காரர் ஏ.ஜே. கிரீன் தான் போட்டு ஆடிய சட்டையை ஆயிரம் டாலருக்கு விற்றார் என்று நாலு ஆட்டங்கள் ஆடக் கூடாது என்றார்கள். அவர் போட்டு, அவர் வியர்வை சிந்திய சட்டை. 2014-இல் அதே அணியின் டாட் கர்லி, கையெழுத்துப் போட்டதற்குப் பணம் வாங்கினார் என்று அவருக்கும் நாலு ஆட்டம் தடை. அதே காலத்தில் கோச்சுகள் வருடத்துக்குப் பல லட்சம் டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள், டிவி கம்பெனிகள் கோடிக்கணக்கில் கொட்டின. அநியாயம்தான், எனக்கு இதில் இரண்டாவது எண்ணமே கிடையாது. 2021 ஜூலை 1-ஆம் தேதி முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விட்டார்கள். 2025 ஜூலையில் இருந்து பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுக்கலாம், முதல் வருடத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு ஏறக்குறைய 2.05 கோடி டாலர். உழைக்கிறவனுக்குக் கூலி கிடைத்தது, நல்லது.

ஆனால் பணம் வந்த கையோடு வேறு ஒன்றும் வந்தது. அந்தத் தொப்பியில் கையெழுத்து வாங்கி இரண்டு வருடம் கழித்து வேறொரு ஊரில், ஒரு கடையில், பிரபலமான ஒரு ஆட்டக்காரர் வருகிறார் என்று முன்கூட்டியே பணம் கட்டி யாழினியை அழைத்துப் போனேன். கையெழுத்துக்கு ஒரு கட்டணம், போட்டோவுக்குத் தனிக் கட்டணம், பெயர் எழுதச் சொன்னால் அதற்கும் தனி. கடைக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று "நகருங்க, நகருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இவள் பெயரைச் சொல்ல வாய் திறப்பதற்குள் படம் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒரு மணி நேரத்தில் முந்நூறு படம் கையெழுத்துப் போட்டால் யாராக இருந்தாலும் நிமிர்ந்து பார்க்க முடியாது. காசு வாங்கியதும் தப்பில்லை. பேச்சுக்கு அங்கே நேரமே ஒதுக்கவில்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. அந்தப் படம் எங்கே போனது என்று தெரியவில்லை, தொப்பி இன்னும் அவள் மேசை மேல் இருக்கிறது.

இன்னொன்று, நெப்ராஸ்கா. வசந்த காலத்தில் அணியை இரண்டாகப் பிரித்துத் தங்களுக்குள்ளேயே ஒரு ஆட்டம் ஆடுவார்கள், வெற்றி தோல்விக் கணக்கில் சேராத ஆட்டம், அதற்கே அறுபதாயிரம் பேர் வருவார்கள். 2013 ஏப்ரல் 6-ஆம் தேதி அப்படி ஒரு ஆட்டத்தில் ஜாக் ஹாஃப்மேன் என்ற ஏழு வயதுப் பையனைக் களத்தில் இறக்கினார்கள். மூளையில் புற்றுநோய் உள்ள பிள்ளை. அந்த அணியின் ரெக்ஸ் பர்க்ஹெட் என்ற ஆட்டக்காரரோடு அவனுக்கு இரண்டு வருட நட்பு, அவருடைய 22-ஆம் எண்தான் இவன் சட்டையிலும். பந்தை இவன் கையில் கொடுத்தார்கள். முதலில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தடுமாறினான், ஒருவர் வழி காட்டினார், அப்புறம் ஓடினான் பாருங்கள், 69 கஜம், பெரிய பெரிய ஆட்கள் இரண்டு பக்கமும் கூடவே ஓட, கடைசிக் கோட்டைத் தாண்டியதும் இரண்டு தரப்பும் மொத்தமாக ஓடிவந்து அவனைத் தோளுக்கு மேல் தூக்கியது. வீடியோவில் பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். அவன் பெயரில் வைத்த அறக்கட்டளை குழந்தைகளின் மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறது. ஜாக் 2025 ஜனவரியில், பத்தொன்பது வயதில் இறந்துபோனான்.

அடுத்த மாதமே நெப்ராஸ்கா கோச் மேட் ரூல், இந்த வருடம் வழக்கமான வசந்த கால ஆட்டம் கிடையாது என்று அறிவித்தார். காரணம் டிரான்ஸ்பர் போர்ட்டல். ஒரு கல்லூரியில் இருந்து இன்னொன்றுக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல் அது, 2018-இல் வந்தது. திறந்த ஆட்டம் என்றால் டிவியில் வரும், எவன் நன்றாக ஆடுகிறான் என்று மற்றக் கல்லூரிகள் பார்த்துவிடும், திரைமறைவில் பேசி இழுத்துக்கொண்டு போய்விடும். டெக்சஸ் பல்கலைக்கழகமும் அந்த வருடம் நிறுத்தியது. கோச்சுகள் பக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், தன் பிள்ளையைக் கண் எதிரே கொத்திக்கொண்டு போக எவன் விடுவான். இருந்தாலும் சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்ட முடியாத ஒரு குடும்பம், நூறு மைல் காரோட்டி வந்து, அந்தப் பெரிய மைதானத்துக்குள் காலை வைக்கிற ஒரே நாளாக அந்த வசந்த ஆட்டம்தான் இருந்தது. அதை மூடினால் முதலில் வெளியே நிற்பது அவர்கள்தான். டிவியில் காட்ட வேண்டாம், சரி. கதவைத் திறந்து வைக்கலாமே.

நெருக்கம் என்று நான் சொல்வதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. இன்றைக்கு ரசிகன் கையில் போன் இருக்கிறது, ஆட்டக்காரனுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பலாம். 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலம் மாநிலமாக விளையாட்டுச் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்துவிட்டார்கள். இந்த ஆட்டக்காரன் இன்று இத்தனை கஜம் ஓடுவானா என்று தனி ஆளின் மேல் பந்தயம் கட்டுகிறார்கள், தோற்றவன் அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குக் கொலை மிரட்டல் அனுப்புகிறான், போன பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறான். கல்லூரி ஆட்டக்காரர்கள் மேல் அப்படித் தனித்தனியாகப் பந்தயம் கட்டுவதை ஒகையோ மாநிலம் 2024-இல் தடை செய்தது, எல்லா மாநிலமும் செய்ய வேண்டும். இதற்குப் பெயர் நெருக்கம் இல்லை. யாழினிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தவனை ஒரு தடவை பக்கத்தில் பார்த்திருந்தால் அப்படி ஒரு செய்தியை யாராலும் தட்டச்சு செய்ய முடியாது என்று நம்புகிறேன்.

மைதானத்துக்குள் இறங்கி ஓடுவதும் அப்படித்தான். 2022 அக்டோபரில் டென்னசி அணி அலபாமாவை 52-49 என்று கடைசி நொடியில் ஜெயித்தபோது கூட்டம் களத்துக்குள் புகுந்து கோல் போஸ்டைப் பிடுங்கி, தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டது. ஒரு லட்சம் டாலர் அபராதம். இப்போது அந்த இரண்டு அணிகளும் ஆடும் கூட்டமைப்பில் அபராதம் ஐந்து லட்சம் டாலர். சந்தோஷம் புரிகிறது, ஆனால் தோற்ற அணிப் பிள்ளைகள் அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டு வெளியேறத் தவிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இதற்கு அழகான வழக்கம் ஒன்று வளர்ந்திருக்கிறது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் புல்தரைக்கு இறங்கி வருவார்கள், நடுவில் வரைந்திருக்கும் புலிப் பாதத்தின் அருகே ஆட்டக்காரர்களோடு கூடுவார்கள். அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் ஆட்டத்துக்கு முன்னால் அணி தெருவில் நடந்தே மைதானத்துக்குப் போகும், இரண்டு பக்கமும் ஜனம் நிற்கும், தேர் வரும் வீதி மாதிரி. 1960-களில் பிள்ளைகள் தாங்களாகவே போய் நின்று ஆரம்பித்த பழக்கம் அது, யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

கின்னிக் மைதானத்துக்குத் திரும்பி வருகிறேன், அங்கேதான் முடிக்க வேண்டும். மைதானத்தை ஒட்டியே, தெருவுக்கு அந்தப் பக்கம், பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனை. 2017-இல் அந்தப் புதிய கட்டடம் திறந்தபோது, மேல் மாடியில் கண்ணாடி ஜன்னல் வழியாக மைதானம் முழுக்கத் தெரியும்படி வைத்திருந்தார்கள். படுக்கையில் இருந்து எழ முடியாத பிள்ளைகளைச் சக்கர நாற்காலியில், சிலரைக் கட்டிலோடு, அங்கே கொண்டுவருவார்கள். ஒரு ரசிகை முகநூலில் எழுதினார், ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும் எல்லாரும் திரும்பி அந்தப் பிள்ளைகளுக்குக் கை அசைத்தால் என்ன என்று. 2017 செப்டம்பர் 2-ஆம் தேதி, வயோமிங் அணியோடு நடந்த ஆட்டத்தில் தொடங்கியது, அதில் இருந்து ஒவ்வொரு சொந்த ஊர் ஆட்டத்திலும் நடக்கிறது. ஏறக்குறைய எழுபதாயிரம் பேர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார்கள். ஆட்டக்காரர்கள், கோச்சுகள், நடுவர்கள், வந்திருக்கும் எதிரணி, எல்லாரும். இரவு ஆட்டம் என்றால் போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள், மேலே ஜன்னலில் இருந்து டார்ச் வெளிச்சம் பதிலுக்கு ஆடும்.

முதல் முறை நான் பார்த்தபோது பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி கை அசைத்துக்கொண்டே ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். போன வருடம் அவர் அந்தப் பக்கம், மகனோடு மேலே இருந்தாராம். இப்போது பையன் எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே கீழ் வரிசையைக் காட்டினார். மஞ்சள் சட்டையில், நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தான்.

ஐயோவா பக்கம் படிக்கவோ வேலைக்கோ போகும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு, அவர்களைப் பார்க்கப் பெற்றோரும் போகிறார்கள். இலையுதிர் காலத்தில் போனால் ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். விதி புரியாவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், ஆசையாகச் சொல்லிக் கொடுப்பார். முதல் கால் பகுதி முடிகிற நேரத்தில் மட்டும் காப்பி வாங்க வெளியே போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.