'வாழிய பொருளே' என்று ஏன் சொல்கிறான்?

அடுத்த கேள்வி. "நற்றிணை 16-ஆம் பாட்டில் தலைவனுக்குப் பொருளும் வேண்டும், தலைவியும் வேண்டும். கடைசியில் பொருள் வேண்டாம் என்கிறான். இது மனநிறைவா, ஆசையை அடக்கிக்கொள்வதா? விட்டுவிட்ட பொருளை ஏன் 'வாழிய' என்கிறான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிச் சொல்லைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். விடையும் அங்கேதான் இருக்கிறது.

சிறைக்குடி ஆந்தையார் பாடிய பாலைத் திணைப் பாட்டு இது, அதாவது பிரிவைப் பற்றிய பாட்டு. பொருள் தேடப் போகலாம் வா என்று நெஞ்சு இழுக்கிறது. அந்த நெஞ்சோடுதான் தலைவன் பேசுகிறான். "புணரின் புணராது பொருளே, பொருள்வயின் பிரியின் புணராது புணர்வே." அவளோடு இருந்தால் பொருள் சேராது, பொருளுக்காகப் பிரிந்தால் அவளோடு சேர்ந்திருக்க முடியாது. இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே சொல் சுற்றிச் சுற்றி வந்து நம் நாக்கையும் அவன் குழப்பத்துக்குள் இழுத்துவிடும்.

அடுத்து நெஞ்சைக் கடிந்துகொள்வான் என்று பார்த்தால், இல்லை. "செல்லினும், செல்லாய் ஆயினும், நல்லதற்கு உரியை" என்கிறான். நீ போனாலும் போகாவிட்டாலும் நல்லதைத்தான் நாடுகிறாய் என்று அதைத் தட்டிக்கொடுக்கிறான். இந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பொருளாசை கெட்டது என்று அவன் எங்குமே சொல்லவில்லை.

அப்புறம்தான் பொருளை எடைபோடுகிறான். பூக்கள் வாடாத பொய்கையின் நடுவே மீன் ஓடிய தடம் எவ்வளவு நேரம் இருக்கும்? பொருளும் அப்படித்தான் மறையும். சரி, கொஞ்சப் பொருள் என்பதால் விடுகிறானா? அதுவும் இல்லை. தூணி என்பது தானியம் அளக்கும் பழைய அளவு, நான்கு மரக்கால் கொள்ளும். கடல் சூழ்ந்த இந்த உலகத்தையே தூணியாக வைத்து ஏழு முறை அளக்கும் அளவுக்குச் செல்வம் கிடைத்தாலும், அவளுடைய செவ்வரி படர்ந்த குளிர்ந்த கண்களின் இனிய பார்வையைத் தாண்டி அவனால் போக முடியவில்லை. "எனைய ஆகுக! வாழிய பொருளே!" நீ எவ்வளவாக வேண்டுமானாலும் இரு, நன்றாக இரு. அடக்கிவைத்த ஆசையை யாரும் இப்படி வாழ்த்தி அனுப்ப மாட்டார்கள். அதனால் இதை மனநிறைவு என்றே நான் படிக்கிறேன்.

இதே நற்றிணையில் 284-ஆம் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே தலைவன் வேலைக்காகப் பிரிந்து போயிருக்கிறான். திரும்பிப் போவோம் என்கிறது நெஞ்சு, எடுத்த வேலையை முடிக்காமல் போனால் இழிவு என்கிறது அறிவு. இரண்டு யானைகள் எதிரெதிரே இழுக்கிற பழைய தேய்ந்த கயிறு போல என் உடம்பு அழிந்துபோகுமோ என்று கேட்கிறான். பாட்டு அந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. 'தேய்புரிப் பழங்கயிறு' என்ற அந்த உவமையே புலவருக்குப் பெயராகிவிட்டது, தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று. அவனுக்கு நிறைவு கிடைக்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே" என்கிறது தொல்காப்பியம். புறப்படாமல் நிற்பது போகவே மாட்டான் என்பதற்காக அல்ல, அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்காக. அப்படியானால் 16-ஆம் பாட்டின் தலைவனும் பிறகு ஒருநாள் புறப்பட்டுப் போகலாம். போனாலும், அன்றைக்கு அவள் கண்ணை நினைத்து நெஞ்சிடம் அவன் சொன்னது பொய்யாகிவிடாது.