குத்துச்சண்டை மேடை ஏறாதவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். 1928-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வருடக்கணக்கில் தலையில் குத்து வாங்கியவர்கள் குடிக்காமலே தள்ளாடுகிறார்கள், புத்தி மந்தமாகிறது என்றார். அதே மாதிரி சேதம் ஒரு குடும்பப் பெண்ணின் மூளையில் இருந்ததை பிரிட்டனின் லான்செட் இதழ் வெளியிட்டது 1990-ல். அந்த அம்மா எந்த மேடையிலும் ஏறியதில்லை. கணவரிடம் பல காலம் அடி வாங்கியவர். இடையில் 62 ஆண்டுகள். அதுவரை பெண்கள் அடி வாங்காமலா இருந்தார்கள்? மூளைக்காய மருத்துவம் ஆண்களின் தலையைப் பார்த்தே வளர்ந்தது, அவ்வளவுதான்.

உடற்கூறிலும் வித்தியாசம் உண்டு. நரம்பு செல்லிலிருந்து நீளும் இழைக்கு ஆக்ஸான் என்று பெயர். 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஸ்மித் குழுவினர் ஆண், பெண் நரம்பு செல்களைத் தனித்தனியே வளர்த்து, ஒரே விசையில் இழுத்துப் பார்த்தார்கள். பெண் ஆக்ஸான் மெல்லியது. உள்ளிருந்து அதைத் தாங்கும் நுண்குழாய்களும் குறைவு. அதுவே அதிகம் சிதைந்தது. சரி, இது ஆய்வகத்துத் தட்டில் கண்டது. இதை வைத்துப் பெண் மூளையே பலவீனம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

என் கவலை புறநோயாளிப் பிரிவைப் பற்றித்தான். தலைவலி, மறதி, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்று ஒரு பெண் வருவார். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைம்மா, டென்ஷனா இருக்கும்" என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுவோம். தலையில் அடிபட்டு மூளை குலுங்கினால் அதற்கு மூளை அதிர்ச்சி என்று பெயர். அதில் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகத்தான் வரும்! கணவரோ மாமியாரோ பக்கத்தில் நிற்கும்போது எப்படி அடிபட்டது என்று கேட்டால், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றுதான் பதில் வரும். தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும்: தலையில் அடித்தாரா, தலையைச் சுவரில் மோதினாரா, கழுத்தை நெரித்தாரா? நெரிப்பதும் மூளைக்குக் காயம்தான். ரத்தமும் ஆக்ஸிஜனும் தடைபடும். வெளியே தழும்பே இல்லாமலும் போகலாம்.

கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எத்தனை முறை அடிபட்டது, நினைவு தப்பியதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அடி ஆறுமுன் அடுத்தது விழுந்தால் சேதம் கூடும். அடிபட்ட பிறகு வாந்தி நிற்காவிட்டாலோ, எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ வீட்டில் இருப்பவர்கள் உடனே 108-ஐ அழையுங்கள். அடிப்பது வீட்டு ஆள் என்றால் மகளிர் உதவி எண் 181. 24 மணி நேரமும் எடுப்பார்கள்.